கேஸ் கட்டிங் வளைவைச் சீராக்க ஐந்து கருவிகள்: ஒரே தகட்டில் செய்து பார்த்த மதிப்புரை

16 மி.மீ. கனமுள்ள மைல்டு ஸ்டீல் தகட்டில் கையால் டார்ச் பிடித்து வெட்டிய கொக்கி வடிவ பிராக்கெட்டுகள் நான்கை வரைகோட்டுக்குக் கொண்டுவந்து சீராக்க வேண்டியிருந்தது. வெளிவளைவின் ஆரம் 150 மி.மீ., உள்வளைவின் ஆரம் 40 மி.மீ. நான்கும் ஒரே அளவு, ஒரே கையால் ஒரே நாளில் வெட்டப்பட்டவை. இந்த வேலைக்கென்று விற்கப்படும் தேய்ப்புப் பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று தோன்றியதால், ஃபிளாப் டிஸ்க், 6 மி.மீ. கிரைண்டிங் கல், ரெசின் ஃபைபர் டிஸ்க், கார்பைடு பர் (பற்கள் வெட்டிய சிறு சுழல் அரம்), குறுகிய பெல்ட் சாண்டர் ஆகிய ஐந்தையும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கினேன். நிறுவனப் பெயர்களை எழுதவில்லை. இந்த வேலையில் பெயரைவிடப் பொருளின் வகைதான் முடிவைத் தீர்மானித்தது.

எந்தக் கருவி எதற்கு உதவும் என்று சொல்வதற்கு முன், டார்ச் தகட்டின் விளிம்பில் எதை விட்டுச் செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கேஸ் கட்டிங்கில் எஃகு உருகி மட்டும் பிரிவதில்லை. ஏறத்தாழ 870 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய இரும்பு, தூய ஆக்சிஜன் தாரையில் எரிந்து ஆக்சைடாகி, அந்தத் தாரையாலேயே கீழே ஊதித் தள்ளப்படுகிறது. அப்படி எரிந்த பரப்பில் மேலிருந்து கீழாகச் சற்றே பின்னோக்கிச் சாய்ந்த நெருக்கமான வரிகள் இருக்கும். அடிவிளிம்பில் சிட்டம், அதாவது எரிந்து உருகிய கழிவு, உறைந்து தொங்கும். பரப்பு முழுவதும் சாம்பல் நிற ஆக்சைடு செதில் ஒட்டியிருக்கும். இவை எல்லாம் சிறு கரடுகள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. வளைவை வெட்டும்போது மணிக்கட்டு ஓர் எல்லை வரைதான் திரும்பும். அதன் பின் கையை நகர்த்தி ஊன்றிக்கொண்டு தொடர வேண்டும். அப்படி நகர்த்திய ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேடோ பள்ளமோ விழுந்து, வளைவு முழுக்க இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் அலை ஓடுகிறது. சிறு கரட்டை எந்தத் தேய்ப்புப் பொருளும் எடுத்துவிடும். அலையை எடுப்பதில்தான் ஒவ்வொன்றின் தரமும் தெரிந்தது.

தேய்ப்பைத் தொடங்கும் முன் செய்துகொண்ட தயாரிப்பையும் சொல்லிவிடுகிறேன். அடிவிளிம்புச் சிட்டத்தை உளியும் சுத்தியலும் கொண்டு முதலில் உடைத்தெடுத்தேன். சரியான வேகத்தில் வெட்டியிருந்தால் அது ஓரிரு தட்டில் பிளந்து விழும். விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் வெட்டு வேகமோ ஆக்சிஜன் அழுத்தமோ பிசகியிருக்கிறது என்று பொருள். நான்கில் இரண்டு துண்டுகளை ஓர் இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தேன். காலையில் செதில் கருஞ்சேறுபோல் இளகி, கம்பி பிரஷுக்கே வந்துவிட்டது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். அந்த ஆக்சைடு செதில் எஃகைவிடக் கடினமானது. அரத்தின் பற்களையும் மலிவான டிஸ்குகளையும் முதலில் மழுங்கடிப்பது அதுதான். ஊறவைத்த துண்டுகளுக்கும் ஊறவைக்காத துண்டுகளுக்கும் இடையே டிஸ்க் செலவில் தெரிந்த வேறுபாடு, கடைக்காரர் சொல்லும் எந்த வேறுபாட்டையும்விடப் பெரிது.

வரைகோடும் அதே அளவுக்கு முக்கியம். சாக்பீஸ் கோடு முதல் பொறியிலேயே மறைந்துவிடும். ஸ்கிரைபரால் கீறிய கோட்டின் மேல் 5 மி.மீ. இடைவெளியில் சென்டர் பஞ்சால் மெல்லிய குழிகளை அடித்துக்கொண்டால், ஒவ்வொரு குழியும் பாதியாகக் குறையும்வரை தேய்த்து நிறுத்தலாம். கோட்டைத் தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் போட்டால் போதாது. கையால் பிடித்த டார்ச் சற்றேனும் சாய்ந்திருக்கும் என்பதால் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் ஒரே வளைவில் இரா. மூலைமட்டத்தைக் கொண்டு மறுமுகத்துக்கும் கோட்டை மாற்றிக்கொண்டேன்.

முதலில் ஃபிளாப் டிஸ்க். இந்த வேலைக்கென்று கேட்டால் பெரும்பாலும் எல்லாரும் எடுத்து நீட்டுவது இதைத்தான். 125 மி.மீ. விட்டம், 40 கிரிட் (தேய்க்கும் மணிகளின் பருமனைக் குறிக்கும் எண்; எண் குறைந்தால் மணி பெரிது), சிர்கோனியா மணிகள் கொண்டதை வாங்கினேன். கையில் பிடித்தவுடன் ஏற்படும் எண்ணம் மிக நல்லது. அதிர்வு குறைவு, சத்தம் குறைவு, விளிம்பு சில நொடிகளிலேயே பளபளக்கத் தொடங்குகிறது. பத்து நிமிடம் கழித்து மெஷினை நிறுத்திவிட்டு, மெல்லிய தகட்டில் வெட்டிய டெம்ப்ளேட்டை வளைவின் மேல் வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: அலை அப்படியே இருந்தது, மேடும் பள்ளமும் பளபளப்பாகியிருந்தன, அவ்வளவுதான். துணியில் ஒட்டிய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அந்த டிஸ்க் மெத்தைபோல் அமுங்கிக் கொடுப்பதால், மேட்டின் மேல் ஏறுகிறது, பள்ளத்துக்குள் இறங்குகிறது, இரண்டையும் ஏறக்குறையச் சமமாகத் தேய்த்துவிட்டுப் போகிறது. மேடுகளை மட்டும் தேய்க்க வேண்டிய இடத்தில், சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்ளும் ஒரு பொருளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அதோடு தகட்டின் இரு விளிம்புகளும் மழுங்கி உருண்டுவிட்டன. நான் கவனமாக அடித்த பஞ்ச் குழிகளில் சில, கோடு வருவதற்கு முன்பே காணாமற் போயின.

இது ஃபிளாப் டிஸ்கின் குறையன்று, அதை முதலில் எடுத்த என் குறை. சரிசெய்யப்பட்ட வளைவின் மேல் இரண்டாவது அல்லது மூன்றாவது கட்டத்தில் 60 அல்லது 80 கிரிட் ஃபிளாப் டிஸ்கை வைத்தபோது அதே மெத்தைத் தன்மை நன்மையாக மாறியது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது மணியின் வகை. சாதாரண அலுமினியம் ஆக்சைடு மணி தேயத் தேய மழுங்கும். சிர்கோனியாவும் செராமிக்கும் அழுத்தத்தில் நுண்ணிய துணுக்குகளாக உடைந்து புதுக் கூர்முனைகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அப்படி உடைவதற்கு அழுத்தம் வேண்டும். திறன் குறைந்த சிறிய கிரைண்டரில் செராமிக் டிஸ்கை மாட்டி மென்மையாகத் தடவினால் மணிகள் உடையாமல் மெருகேறிப்போய், விலைக்குரிய வேலையைச் செய்யாது. மலிவாகக் கிடைத்த இன்னொரு ஃபிளாப் டிஸ்கையும் சோதித்தேன். சிட்டம் மிச்சமிருந்த ஓர் இடத்தில் பட்டதும் மூன்று இதழ்கள் அடியோடு பிய்ந்து முகக்கவசத்தில் வந்து அடித்தன. அதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்தது நடு அழுந்திய 6 மி.மீ. கிரைண்டிங் கல், 125 மி.மீ. விட்டம், 24 கிரிட். இன்று இதைப் பழைய காலத்துப் பொருள்போல் பலர் ஒதுக்குகிறார்கள். சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன; விட்டுச் செல்லும் பரப்பும் கரடுமுரடானது. இருந்தும் இந்த நான்கு துண்டுகளின் வளைவை வளைவாக்கியது இந்தக் கல்தான். விறைப்பான கல் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. இரண்டு மேடுகளின் மேல் பாலம்போல் நின்று அவற்றை மட்டும் தேய்க்கிறது. துண்டை விளிம்பு மேல்நோக்கி இருக்கும்படி வைஸில் இறுக்கி, கல்லைப் பரப்போடு 20 முதல் 30 டிகிரி சாய்த்து, இழைப்புளி ஓட்டுவதுபோல் வளைவின் நீளவாக்கில் ஒரே வீச்சாக ஓட்ட வேண்டும். வீச்சு எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவு சீராகும். ஒரே இடத்தில் நின்று அழுத்தினால் அங்கே ஒரு தட்டையான பட்டை விழுந்துவிடும். அந்தப் பட்டையை எடுக்க அதன் இரு பக்கத்தையும் இறக்க வேண்டும், அதற்குள் கோடு தாண்டிப் போய்விடும். கை பழகாதவர்களுக்கு ஒரு வழி: வேண்டுமென்றே நீளமான தட்டைப் பட்டைகளாகக் கோட்டுக்கு அருகே வரை இறக்கிவிட்டு, பிறகு பட்டைகள் சந்திக்கும் முனைகளை மட்டும் தேய்த்துக்கொண்டே போவது. எட்டுப் பட்டை பதினாறாகும், பதினாறு முப்பத்திரண்டாகும், அதன்பின் கண்ணுக்கு வளைவுதான் தெரியும். தச்சர்கள் சதுரக் கட்டையை உருட்டாக்குவதும் இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1 மி.மீ. கனமுள்ள கட்டிங் டிஸ்கின் பக்கவாட்டில் விளிம்பைத் தேய்க்கும் பழக்கத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த டிஸ்க் விளிம்பால் வெட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது; பக்கவாட்டு விசையைத் தாங்க அதில் ஒன்றுமில்லை. 125 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 78 மீட்டர் வேகத்தில் போகிறது. உடையும் துண்டு அதே வேகத்தில்தான் கிளம்பும்.

மூன்றாவதாக வந்த ரெசின் ஃபைபர் டிஸ்க், வாங்கியவற்றில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. கெட்டியான அட்டைபோன்ற வல்கனைஸ்டு ஃபைபர் முதுகில் மணிகளை ரெசினால் ஒட்டிய ஒற்றைத் தாள்தான் இது. பின்னால் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பேடு வைத்துத் தனி நட்டால் இறுக்க வேண்டும். ஒரு ஃபிளாப் டிஸ்கின் விலையில் பல ஃபைபர் டிஸ்குகள் வந்துவிடும் என்பதால் இதைத் தாழ்வாக நினைத்திருந்தேன். 36 கிரிட் செராமிக் டிஸ்கைக் கடினமான, வரிவரியான பேடோடு போட்டபோது, கல்லுக்கு இணையாக எஃகை வாரியது, அதே சமயம் கல்லின் அதிர்வு இல்லை. விறைப்பில் இது கல்லுக்கும் ஃபிளாப் டிஸ்குக்கும் நடுவில் நிற்கிறது: சிறு அலைகளின் மேல் பாலமாக நிற்கும் அளவுக்குக் கெட்டி, பட்டை விழாமல் வளைவைத் தழுவும் அளவுக்கு இளக்கம். பேடை மாற்றினால் குணமும் மாறுகிறது என்பது இன்னொரு வசதி. அதே டிஸ்கை மென்மையான பேடோடு போட்டால் ஏறக்குறைய ஃபிளாப் டிஸ்கின் நடத்தைக்கு வந்துவிடும். எனவே கடையில் டிஸ்கை மட்டும் கேட்காமல், எந்தக் கெட்டித்தன்மையுள்ள பேடு என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். மெஷினோடு இலவசமாக வரும் பேடு பெரும்பாலும் மிக மென்மையானது.

குறைகளும் உண்டு. டிஸ்கின் வெளி ஓரம் பேடைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், சிட்டத்திலோ கூரான மூலையிலோ மாட்டினால் கிழிந்துவிடும். அதனால்தான் உளி வேலையை முதலில் முடிக்கச் சொன்னேன். ஈரப்பதத்துக்கும் இது மிகவும் நொய்மையானது. திறந்த அலமாரியில் ஒரு மழைக்காலம் கிடந்த டிஸ்குகள் அப்பளம்போல் சுருண்டுவிடும், சுருண்டதை மாட்டினால் மெஷின் துடிக்கும். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பம், 45 முதல் 65 விழுக்காடு ஈரப்பதம் என்பதுதான் தேய்ப்புத் தாள்களைச் சேமிக்கப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் நிலை. பட்டறையில் அதைக் காப்பது நடவாது. காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்துக் கனம் ஏற்றி வைத்திருக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

வெளிவளைவு இத்தோடு ஏறக்குறைய முடிந்தது. உள்வளைவுதான் பாடாய்ப் படுத்தியது. 40 மி.மீ. ஆரமுள்ள குழிவுக்குள் 125 மி.மீ. டிஸ்க் எப்படிச் சாய்த்தாலும் சரியாக உட்காராது. அதன் விளிம்பு மட்டும் இரண்டு இடங்களில் உரசும். இரு பக்கமும் பிடித்துக்கொண்டால் மெஷின் கையை விட்டு உதைத்துத் தள்ளும். ஒரு முறை அப்படி உதைத்த மெஷின், டிஸ்கை மூடும் காப்புத் தகடு (கார்டு) இருந்ததால் மட்டுமே முழங்கையைத் தொடாமல் போயிற்று. உள்வளைவுக்குப் பயன்படுத்தும் கருவியின் ஆரம் அந்த வளைவின் ஆரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் மிகச் சிறியதாக இருந்தாலும் சிக்கல், ஏனெனில் சிறிய கருவி ஒவ்வொரு தொடுதலிலும் தன் வடிவத்தில் ஒரு குழியைத் தோண்டும். அந்தக் குழிகளின் வரிசை மீண்டும் ஓர் அலையாகும்.

12 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. தண்டும் கொண்ட உருளை வடிவ கார்பைடு பர்ரில் நடந்தது இதுதான். இரட்டை வெட்டுப் பற்கள் (குறுக்கும் நெடுக்கும் வெட்டிய பற்கள்) கொண்டதை, தண்டுள்ள சிறு கருவிகளை மாட்டும் டை கிரைண்டரில் மாட்டி நிமிடத்துக்கு 25,000 சுற்று அளவில் ஓட்டினேன். எஃகை வெண்ணெய்போல் எடுக்கிறது என்பது மிகையில்லை. ஆக்சைடு செதிலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேடு எங்கே என்று பார்த்து அதை மட்டும் குறிவைத்து இறக்குவதற்கு இதற்கு நிகர் வேறில்லை. ஆயினும் முழு வளைவையும் இதனாலேயே முடிக்கப் பார்த்தபோது பரப்பு அலையலையாகிவிட்டது. வேகம் குறைந்தால் பர் அதிர்ந்து குதிக்கும், குதித்தால் கார்பைடு பல் உடையும். பர் தெறிக்கும் சீவல்கள் மிகப் பொல்லாதவை. ஒற்றை வெட்டுப் பல் நீண்ட ஊசிகளையும் இரட்டை வெட்டுப் பல் குட்டையான ஊசிகளையும் வீசுகிறது. இரண்டும் துணி வழியே உள்ளே போகும். வேலை முடிந்ததும் மேசையைக் கையால் துடைக்காமல் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஓட்டி எடுப்பது நல்லது. பையை வெளிப்புறமாகப் புரட்டினால் ஊசிகள் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

உள்வளைவுக்கு நான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது, பட்டியலில் இல்லாத இன்னொரு பொருள்: 60 மி.மீ. விட்டமுள்ள ரப்பர் உருளையும் அதன் மேல் மாட்டும் தேய்ப்பு உறையும். 40 மி.மீ. ஆரத்துக்கு 30 மி.மீ. ஆரமுள்ள உருளை சரியான துணை. பர்ரால் மேடுகளை இறக்கிவிட்டு இந்த உருளையை நீண்ட வீச்சில் ஓட்டியபோது அலை கரைந்தது. ஆனால் இதன் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும்; அது பர்ரின் வேகத்தைவிட மிகக் குறைவு. வேகத்தைக் குறைக்க வழியில்லாத டை கிரைண்டரில் இதை மாட்டவே கூடாது. உறை வெடித்துப் பறந்தால் கண்ணாடி மட்டும் போதாது.

ஐந்தாவதான குறுகிய பெல்ட் சாண்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை அதிகமான பொருளும் இதுதான், விளம்பரம் அதிகமான பொருளும் இதுதான். விரல்போல் நீண்ட கையில் 13 மி.மீ. அகலம், 457 மி.மீ. நீளமுள்ள பெல்ட் ஓடும். இதில் மூன்று வேறுபட்ட கருவிகள் ஒளிந்திருக்கின்றன. முனையில் உள்ள சிறு உருளை இறுக்கமான உள்மூலைகளுக்கு. நடுவிலுள்ள தட்டையான தகடு நேர் விளிம்புக்கு. தகட்டின் ஆதரவில்லாமல் பெல்ட் தொங்கும் பகுதி வெளிவளைவுக்கு. இந்த மூன்றாவதைத்தான் விளக்கக் குறிப்புகள் சொல்வதே இல்லை. தளர்வான பெல்ட் வெளிவளைவைச் சுற்றித் தானே படிந்து, கல் விட்டுச் சென்ற கடைசிப் பட்டைகளின் முனைகளைக் கரைத்துவிடுகிறது. 60 கிரிட்டில் தொடங்கி 120இல் முடித்த வெளிவளைவின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் இதைக் கொண்டு வேலையைத் தொடங்கப் பார்த்தவர் ஏமாந்து போவார். சிட்டத்தில் பட்ட பெல்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் அறுந்துவிடும். எனக்கு முதல் நாளிலேயே இரண்டு அறுந்தன. கரட்டு எஃகை வார முயன்றால் 13 மி.மீ. அகலப் பெல்ட் சில நிமிடங்களில் சூடேறி மழுங்கும். முனை உருளையின் சிறு பேரிங் தூசியில் இறுகத் தொடங்கும். உள்ளே அம்புக்குறி போட்ட பெல்ட்டைத் திசை மாற்றி மாட்டினால் ஒட்டு இன்னும் விரைவில் பிரியும். சுருங்கச் சொன்னால், கடைசி அரை மில்லிமீட்டருக்கு இது மிகச் சிறந்த கருவி, அதற்கு முந்தைய இரண்டு மில்லிமீட்டருக்கு மிக மோசமான கருவி. மாதத்துக்கு ஒரு பிராக்கெட் சீராக்குபவருக்கு இந்த விலை நியாயப்படாது. அவருக்கு 300 மி.மீ. அரைவட்ட அரமே போதும். செதில் முழுக்கப் போன பிறகு அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு, இரு கைகளாலும் பிடித்து வளைவின் நீளவாக்கில் இழுத்தால், மெஷின் எதுவும் தராத ஒழுங்கு வருகிறது. நேரம் மட்டும் எடுக்கும்.

ஒரு துண்டில் கை நகர்த்திய இடத்தில் விழுந்த பள்ளம் கோட்டையும் தாண்டி 3 மி.மீ. உள்ளே போயிருந்தது. தேய்த்து மறைக்கப் பார்த்தால் முழு வளைவையும் 3 மி.மீ. இறக்க வேண்டும். பாரம் ஏறாத துண்டாயிருந்தால் பள்ளத்தின் இரு பக்கத்தையும் பத்துக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவில் இழைத்து விட்டுவிடலாம், 3 மி.மீ. பள்ளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. நீளம். கொக்கியில் பாரம் தொங்கும் என்பதால், பள்ளத்தின் அடியிலுள்ள செதிலைப் பர்ரால் சுத்தமாக எடுத்து, வெல்டிங் போட்டு நிரப்பி, கல்லால் மட்டமாக்கினேன். பாரம் தாங்கும் பாகத்தில் கூரான பள்ளத்தை விட்டுவைக்கக் கூடாது. திரும்பத் திரும்ப விசை ஏறும்போது வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அழகுக்காகச் செய்யும் வேலை என்று இதை நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விளிம்பு மூலைகளை எவ்வளவு உருட்டுவது என்பது பூச்சைப் பொறுத்தது. கூரான மூலையில் பெயிண்ட் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும். கடுமையான சூழலில் நிற்க வேண்டிய எஃகுக்கு 2 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் மூலையை உருட்ட வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. ஜிங்க் முலாம் போடுவதானால் டார்ச் வெட்டிய பரப்பைத் தேய்த்தெடுப்பது இன்னும் முக்கியம். வெட்டின் சூடு விளிம்பு எஃகின் தன்மையை மாற்றிவிடுவதால், தேய்க்காத விளிம்பில் முலாம் மெல்லியதாகப் படிந்து பின்னர் உரிந்துவிடும். இந்த மூலை உருட்டும் வேலைக்கு, முதலில் நான் குறைசொன்ன ஃபிளாப் டிஸ்கைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

கிரைண்டரைப் பற்றி இரண்டு வரிகள். கையை எடுத்தால் நின்றுவிடும் ஸ்விட்ச் உள்ளதையே வாங்கியிருக்கிறேன். பூட்டிக்கொள்ளும் ஸ்விட்ச் உள்ள மெஷின் உதைத்துக் கீழே விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ரெசின் நாளடைவில் வலுவிழப்பதால் தயாரித்த மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதைப் பயன்படுத்தலாகாது. தள்ளுபடியில் குவித்து விற்கப்படும் கற்களில் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்த வளையத்தைத்தான்.

மீண்டும் வாங்குவதானால் என் வரிசை இப்படி இருக்கும்: கடினமான பேடோடு 36 கிரிட் ஃபைபர் டிஸ்க் ஒரு கட்டு, கிரைண்டிங் கல் இரண்டு, 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க் ஒன்றே ஒன்று. உள்வளைவு இருந்தால் பர் ஒன்றும் ரப்பர் உருளையும் சேரும். பெல்ட் சாண்டரை இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்வேன். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, டார்ச்சில் மாட்டும் வட்டம் வெட்டும் கவராயம் ஒன்றை வாங்குவேன். நான்காவது துண்டுக்கு மேற்கொண்டு ஐந்தாவது ஒன்று தேவைப்பட்டபோது, அதன் வெளிவளைவை அந்தக் கவராயத்தைக் கொண்டு வெட்டினேன். அலையே விழவில்லை, வரிகளை எடுக்க ஒரேயொரு ஃபைபர் டிஸ்க் போதுமானதாக இருந்தது. உள்வளைவை மட்டும் வழக்கம்போல் கையால்தான் வெட்ட வேண்டியிருந்தது, பர்ரையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.